இரட்டைப் பின்னல் போட்ட சேர்மன்

ஒரு ஊரில் ஒரு மாலைப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் மூன்றாம் பக்கத்தில், வலது கீழ் மூலையில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டம் ஒன்று இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் பல்லழகர் குடியிருந்தார்.

பல்லழகர் மனிதர் இல்லை, கேலிச்சித்திரம். அந்த ஊர் நகராட்சி சேர்மன் அம்பலவாணனைக் கிண்டல் செய்வதற்கென்று பிறந்தவர்.

அவர் பிறந்த கதை இதுதான். சேர்மன் தெற்குத் தெருவில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார். மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, குழாயைத் திருகினார். காற்று வந்தது. ஆறு மாதம் கழித்து அதே தொட்டிக்கு வெள்ளையடித்து மறுபடியும் திறந்தார். அப்போதும் காற்றுதான். மூன்றாம் முறை மந்திரியைக் கூட்டிவந்து திறந்தார். மந்திரிக்கும் காற்றைத்தான் கொடுத்தது அந்தக் குழாய்.

பத்திரிகையில் படம் போடும் சித்திரவேலுவுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். அவர் வீடும் தெற்குத் தெருவில்தான் இருந்தது. உட்கார்ந்து பேனாவை எடுத்து மையில் தொட்டார்.

"இந்தத் துக்கினியூண்டு கட்டத்துல ஆளு யாருன்னு எப்படித் தெரியவைக்கிறது?" என்று பேனா கேட்டது.

"பல்லு இருக்கே. அது போதும்" என்றார் சித்திரவேலு.

சேர்மனுக்கு முன்பற்கள் கொஞ்சம் தூக்கல். பேனா அதைத் தாராளமாகவே தூக்கிக் காட்டியது. முதலில் பல்லைப் போட்டது. பல்லைத் தாங்க ஒரு வாய், வாயைத் தாங்க ஒரு முகம், முகத்துக்கு ஒரு மீசை. தொட்டி கடைசியில்தான் வந்தது. அதற்கு இடம் போதாமல் பாதித் தொட்டி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் டீக்கடையில் தொட்டியைப் பற்றிப் பேசியவர்கள் இரண்டு பேர். மற்ற எல்லோரும் பல்லைப் பற்றியே பேசினார்கள். யாரோ ஒருவர் 'பல்லழகர்' என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரத்தில் தொட்டி கட்டத்தைவிட்டே போய்விட்டது. பல்லழகர் மட்டும் தங்கினார்.

எட்டு வருடம் அந்தக் கட்டத்தில் இருந்தார். நாலு கோடுகளுக்குள் அவரைத் தவிர ஆள் கிடையாது. அவர் தலைக்குமேல் ஒரு வட்டம் போட்டு அதில் சித்திரவேலு எதையாவது எழுதுவார். அதுதான் அவர் பேச்சு. மனிதர் காதில் விழும்படி சொந்தமாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. தினமும் எட்டாயிரம் பிரதிகள் அச்சாகும். சலூனிலும் பஸ்ஸிலும் பஜ்ஜிக் கடையிலுமாக எட்டாயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் இருப்பார். எட்டாயிரம் இடத்திலும் தனியாகத்தான் இருப்பார். பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் பஜ்ஜியை அவர் முகத்தில் அமுக்கி எண்ணெய் எடுப்பார்கள்.

அவருக்கு இருந்த ஒரே பெருமை, தான் சேர்மனைக் கடிக்கிறோம் என்பது.

"இன்னிக்கு வலிச்சிருக்குமா?" என்று தினமும் பேனாவிடம் கேட்பார்.

"ஊரே சிரிக்குது. வலிக்காம இருக்குமா?" என்று பேனா சொல்லும்.

அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு அவர் அடுத்த நாளை ஓட்டிவிடுவார்.

ஒருநாள் சேர்மன் வீட்டிலிருந்து பத்திரிகை ஆபீசுக்கு ஆள் வந்தது. சண்டைக்கு வந்த ஆள் என்று நினைத்து மேனேஜர் கதவுக்குப் பின்னால் போய் நின்றார். வந்தவர் கையில் இனிப்புப் பெட்டி இருந்தது. சேர்மனுக்கு ஒரு படம் வேண்டுமாம், அசல் படம், சித்திரவேலு கையெழுத்தோடு.

படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், சேர்மன் வீட்டுக் கூடத்தில், பிள்ளையார் காலண்டருக்குப் பக்கத்தில் ஏறியது. பல்லழகர் அங்கிருந்து முதல்முதலாக சேர்மனை நேரில் பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று தேடிப் பார்த்தார். சேர்மன் வாயில் பல்குச்சியோடு சோபாவில் சாய்ந்திருந்தார்.

"கோபம் வரலையாண்ணே?" என்று வந்த விருந்தாளி ஒருவர் படத்தைக் காட்டிக் கேட்டார்.

"கோபமா? தினம் எட்டாயிரம் வீட்டுக்கு என் மூஞ்சி போவுது, என் கைக்காசு இல்லாம. போன எலெக்ஷன்ல ஓட்டுக் கேக்கப் போனா பொம்பளைங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே 'பல்லழகர் வந்துட்டாரு'ன்னு ஆரத்தி எடுக்குறாங்க. தொட்டியப் பத்தி ஒருத்தர் கேக்கல."

இருவரும் சிரித்தார்கள். சட்டத்துக்குள் இருந்த பல்லழகர் சேர்மனைத் தலையிலிருந்து கால்வரை இன்னொரு முறை தேடிப் பார்த்தார். எட்டு வருடமாகக் கடித்திருக்கிறார். இந்த மனிதர்மேல் ஒரு பல்தடம்கூட இல்லை. அப்படியானால் அந்தக் கடியெல்லாம் யார்மேல் விழுந்தது?

அவருக்கு அது தெரியவந்தது ஒரு போட்டியால்.

பத்திரிகை சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகப் பிரதி கொடுத்துவந்தது. பிள்ளைகள் படிக்கட்டும், அவர்கள் பேரைச் சொல்லி அப்பாக்கள் வாங்கட்டும் என்ற கணக்கு. அதில் ஒரு சனிக்கிழமை அறிவிப்பு வந்தது. 'பல்லழகரை வரையுங்கள். முதல் பரிசு கலர் பென்சில் பெட்டி.' ஒரே வாரத்தில் ஒரு சாக்கு நிறையப் படங்கள் வந்து குவிந்தன. பத்திரிகை ஆசிரியரும் சித்திரவேலுவும் மேஜைமேல் கொட்டிப் பார்த்தார்கள். எல்லாம் பல்லும் மீசையும்தான். கடைசியில் ஒரு படம் அகப்பட்டது. ஆசிரியர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாருய்யா. சேர்மனுக்கு ரெட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருக்கு இந்தப் புள்ள."

சித்திரவேலு வாங்கிப் பார்த்தார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்தது. மீசை பட்டும் படாமலும் ஒட்டியிருந்தது. கண்களைப் பெரிதாகப் போட்டிருந்தாள். கண்ணிலிருந்து கன்னத்தில் ஒரு கோடு இறங்கியது.

"அதைவிட இந்தக் கோட்டைப் பாருங்க. கன்னத்துல தண்ணி ஓடுது. தொட்டி ஒழுகுதுன்னு சொல்ல வருது. எனக்கே தோணல சார் இது" என்றார் சித்திரவேலு.

"கற்பனைன்னா இது கற்பனை" என்றார் ஆசிரியர்.

முதல் பரிசு அதற்குத்தான் என்று முடிவாயிற்று. கேலி செய்தே பழகியவர்களுக்குக் கண்ணீரைப் பார்த்தாலும் கேலியாகத்தான் தெரிகிறது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, எட்டு வருடப் பழக்கம். இருவரும் டீ குடிக்க வெளியே போனார்கள்.

மேஜைமேல் அன்றைய பத்திரிகையில் பல்லழகர் இருந்தார். பக்கத்தில் பரிசுப் படம் கிடந்தது. தன் கட்டத்துக்கு இவ்வளவு அருகில் இன்னொரு முகத்தை அவர் பார்த்ததில்லை. ஆசையாகத்தான் பேச்சுக் கொடுத்தார்.

"நீ யாரு?"

"உங்கள வரையறோம்னு சொல்லித்தான் வரைஞ்சாங்க. ஆனா பெஞ்சுமேல உக்காந்திருந்தது சுகந்தி" என்றது படம்.

"எந்த சுகந்தி?"

"ஏழாம் வகுப்பு பி. நகராட்சிப் பெண்கள் பள்ளிக்கூடம். அவளுக்கும் உங்கள மாதிரி பல்லு. போட்டின்னதும் எல்லாருக்கும் பாத்து வரைய ஒரு ஆளு வேணும். சேர்மன் வந்து உக்காருவாரா? டீச்சர் லீவு. அவளப் புடிச்சு பெஞ்சுமேல ஏத்தி உக்கார வச்சுட்டாங்க. அவ கையால வாய மூடிக்கிட்டா. ரெண்டு பேரு கையப் புடிச்சுக் கீழ வச்சுக்கிட்டாங்க. ஒரு பீரியட் முழுசும்."

பல்லழகர் அந்தக் கன்னத்துக் கோட்டைப் பார்த்தார்.

"இது தொட்டி ஒழுகுறது இல்லையா?"

"என்னை வரைஞ்ச பொண்ணு நல்லா வரைவா. இருந்தத அப்படியே போட்டா. அப்புறம் மீசை வச்சா" என்றது படம்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் படம் பெரிதாக அச்சாகிப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. பக்கத்திலேயே கட்டத்தில் பல்லழகரும் போனார். திங்கட்கிழமை காலை ஏழாம் வகுப்பு பி-யில் மூன்றாம் பெஞ்சில் யாரோ அந்தப் பத்திரிகையை விரித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது சுகந்தியின் இடம்.

நாலு பேர் உட்காரும் பெஞ்சு. அவள் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். இடது கை வாயை மூடியிருந்தது. பத்திரிகையைப் பார்த்தாள். தன் பின்னலைப் பார்த்தாள். மடித்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தாள்.

பத்திரிகை மடிப்புக்குள்ளிருந்து பல்லழகர் பெஞ்சிடம் கேட்டார். "இவ எப்பவும் இப்படித்தானா?"

பெஞ்சு பழையது. பலபேர் எடையைச் சுமந்தது. மெதுவாகப் பேசியது.

"போன வருஷம்வரைக்கும் தினம் காலைல பிரேயர்ல செய்தி வாசிக்கிறது இவதான். நல்ல கணீர்னு குரல். மைக்கு ரிப்பேர்னாலும் கேட்டுக்குப் பக்கத்துல இருக்கிற வாட்ச்மேனுக்குக் கேக்கும். முந்தின நாள் சாயங்காலம் வந்த உங்க பத்திரிகையப் பாத்துதான் வாசிப்பா."

"இப்ப?"

"ஒருநாள் வாசிக்கும்போது பின்னாலேருந்து ஒரு பொண்ணு 'பல்லழகி'ன்னு கத்துனா. மொத்த மைதானமும் சிரிச்சுது. டீச்சருங்ககூட வாய்க்குள்ள சிரிச்சாங்க. அதோட நின்னுபோச்சு. இப்ப வருகைப்பதிவு எடுக்கும்போதுகூட பேச மாட்டா. கையத் தூக்குவா. டீச்சர் நிமிந்து பாக்கலன்னா ஆப்சென்ட்."

"வீட்டுல சொல்லலையா?"

"சொல்ல வாயத் தொறக்கணுமே" என்றது பெஞ்சு.

பிறகு பெஞ்சு தன் நெஞ்சைக் காட்டியது. சுகந்தி உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, நோட்டை வைத்து எழுதும் சாய்வுப் பலகையில், காம்பஸ் முனையால் ஆழமாக ஒரு முகம் கீறியிருந்தது. நாலு கோடு முகம், அதில் பாதி பல். கீழே பேர் எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை.

தான் எட்டு வருடமாகத் தேடிய பல்தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பல்லழகருக்குத் தெரிந்துவிட்டது.

ஆபீசுக்கு வந்ததும் பேனாவிடம் சொன்னார். "இனிமே எனக்குப் பல்லு போடாதே."

"பல்லு இல்லாம நீ யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

"தெரிய வேண்டாம். அந்த ஆளு செஞ்சத வரை."

"செஞ்சத வரையணும்னா அரைநாள் யோசிக்கணும். பல்லுன்னா அரை நிமிஷம். ரெண்டு மணிக்கு அச்சுக்குப் போகணும். என்கிட்ட ஏன் சொல்றே? கை ஓட்டினா நான் ஓடுறேன்" என்றது பேனா.

பேனாவை நம்பிப் பயனில்லை என்று பல்லழகர் தானே ஒரு காரியம் செய்தார். அன்று மாலை அச்சாகி வெளியே போகும்போது, எட்டாயிரம் கட்டங்களிலும் இடது கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டார். பல்லே வெளியே தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்னால் முடிந்தது இதுதான் என்று நினைத்தார். சித்திரவேலு பார்த்துவிட்டு, அவசரத்தில் நாம்தான் இப்படிப் போட்டிருப்போம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் ஏழாம் வகுப்பு பி-யில் சுகந்தி உள்ளே வந்தாள். நாற்பத்தி மூன்று பேரும் இடது கையால் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

அவளிடம் மிச்சமிருந்தது அந்தக் கை ஒன்றுதான். அதையும் பல்லழகர் பிடுங்கி அவர்களிடம் கொடுத்துவிட்டார். சுகந்தி கையை எடுத்துவிட்டாள். உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை அப்படியே இருந்தாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

நான் எதைச் செய்தாலும் இந்தப் பிள்ளைகள் செய்யும், நான் அழுதாலும் அவளை அழவைத்துப் பார்க்கும் என்று பல்லழகருக்குப் புரிந்தது. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சமிருந்தது. கட்டத்தைவிட்டு வெளியேறினார்.

அன்று சித்திரவேலுவுக்குப் பல் வரவில்லை. பேனாவை மையில் தொட்டுத் தொட்டு வைத்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. மணி ஒன்றே முக்கால். வேறு வழியில்லாமல் தொட்டியை வரைந்தார். ஆள் இல்லாத தொட்டி. அதில் மூன்று திறப்பு விழாக் கல்வெட்டு, மூன்றிலும் தேதி. கீழே குழாய். குழாய்க்குக் கீழே வரிசையாகக் குடங்கள். அரை நிமிஷத்தில் முடியாமல் பதினைந்து நிமிஷம் ஆயிற்று.

அன்று மாலை ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தெற்குத் தெருவுல இன்னும் தண்ணி வரலையா?" என்று ஒருவர் கேட்டார். "எங்க வருது?" என்றார் இன்னொருவர்.

எட்டு வருடத்தில் முதல் முறையாக சேர்மன் பத்திரிகை ஆபீசுக்குப் போன் செய்தார்.

"யோவ், என்னப் போடுங்கய்யா. எவ்வளவு வேணா கிண்டல் பண்ணுங்க. தொட்டியப் போடாதீங்க."

அவர் வீட்டுச் சட்டத்துக்குள்ளும் வெறும் காகிதம்தான் இருந்தது. ஆனால் வாசகர்கள் பல்லழகர் எங்கே என்று கடிதம் எழுதினார்கள். ஆசிரியர் இரண்டு வாரம் பொறுத்தார். சித்திரவேலுவும் எவ்வளவோ முயன்றார், பல் வரவில்லை. மூன்றாம் வாரம் அந்தக் கட்டம் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் போய்விட்டது. தொட்டியும் அதோடு போயிற்று. சேர்மனுக்கு அன்றிரவு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

காகிதத்தைவிட்ட சித்திரம் எங்கே போகும்? பல்லழகருக்குப் போக்கிடம் ஒன்றுதான் இருந்தது. அழிக்கமுடியாமல் கீறப்பட்ட அந்தப் பெஞ்சு முகம். அதற்குள் போய் உட்கார்ந்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வந்தார்.

சுகந்தி வந்தாள். சுவரோரமாக உட்கார்ந்தாள். எதிரே இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, தன் வாயை மூட முடியாமல் போன அந்த இடது கையை நீட்டி, பலகையில் இருந்த வாய்மேல் வைத்து மூடினாள். அவள் கை சூடாக இருந்தது. பல்லழகரை அதுவரை யாரும் அப்படித் தொட்டதில்லை.

அவர் பேசப் பார்த்தார். எட்டு வருடமாக மனிதர்களிடம் யாரோ எழுதிய வார்த்தைகளையே பேசியவர். தலைக்குமேல் வட்டம் இல்லை. வட்டத்தில் எழுத ஆள் இல்லை. ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு பேரும் ஒரு பீரியட் முழுவதும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"டி.சி. வாங்கிட்டாங்களாம். சித்தி ஊருக்கு அனுப்புறாங்களாம். மேற்கொண்டு படிக்க வைக்கிறாங்களான்னு தெரியல" என்றது பெஞ்சு.

"அவ அங்கயாவது பேசுவாளா?" என்று கேட்க நினைத்தார் பல்லழகர். பெஞ்சுக்கு மட்டும் அது கேட்டது.

வருடங்கள் ஓடின. சேர்மன் அடுத்த தேர்தலில் தோற்று, உடம்பு முடியாமல் படுத்து, போய்ச் சேர்ந்தார். தெற்குத் தெருத் தொட்டியை இடித்து அந்த இடத்தில் ஒரு கட்டணக் கழிப்பறை கட்டினார்கள். பத்திரிகை நின்றுபோனது. சித்திரவேலு மகள் வீட்டோடு போய்விட்டார். பெஞ்சு மட்டும் அதே வகுப்பில், அதே மூன்றாம் வரிசையில் கிடந்தது. வருகிற பிள்ளைகள் ஒவ்வொன்றும் அந்த முகத்தைத் தடவிப் பார்க்கும். கை சும்மா இருக்காமல் காம்பஸை எடுத்துக் கோட்டை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கும். யாரோ ஒருத்தி மீசையைச் சுரண்டிவிட்டாள். இன்னொருத்தி இரண்டு பக்கமும் பின்னல் போட்டாள். யார் சொல்லிப் போட்டாளோ.

ஒரு ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் மூன்றாம் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். எதிரே பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

"இது யாருடி?"

"முன்னாடி இங்க படிச்ச ஒரு அக்காவாம். பல்லழகின்னு பேராம்."

பல்லழகர், எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, என்னை வரைந்தது வேறு ஒரு ஆளுக்காக, தண்ணீர் வராத ஒரு தொட்டிக்காக என்று சொல்லத் துடித்தார். அந்தத் தொட்டியும் இல்லை, அந்த ஆளும் இல்லை. அவருக்குக் குரலும் இல்லை.

புதுப்பெண் விரலால் அந்தப் பற்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"பாவம். அந்த அக்கா என்ன தப்பு பண்ணாங்க?"

"தெரியல. ஏதாவது பண்ணியிருப்பாங்க. இல்லாட்டி ஏன் இப்படி வரையப் போறாங்க?"